கூரையிலிருந்து குதித்தவர் எப்படிப் பிழைத்தார்?

(வாசகர் வட்டக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம்.

2012 ஜனவரி 15, ஞாயிற்றுக்கிழமை இரவு. பிபிசியில், துப்பறிவாளர் ஷெர்லாக் ஹோம்ஸைப் பற்றிய ‘ஷெர்லாக்’ தொடரின் இரண்டாவது சீசன் முடிகிறது. லண்டனில் செயின்ட் பார்தலோமியூ மருத்துவமனையின் கூரை விளிம்பில் ஷெர்லாக் நிற்கிறார். கீழே தெருவில் அவருடைய நண்பர் ஜான் வாட்சன். இருவரும் செல்போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஷெர்லாக் போனைத் தூக்கி எறிந்துவிட்டுக் குதிக்கிறார். நடைபாதையெல்லாம் ரத்தம். ஜான் நாடி பிடித்துப் பார்க்கிறார், துடிப்பு இல்லை. அப்புறம் ஒரு கல்லறை, அதன் முன்னால் உடைந்துபோய் நிற்கும் ஜான். கடைசிச் சில நொடிகளில் கேமரா மெல்ல நகர்கிறது. சற்றுத் தள்ளி ஷெர்லாக் உயிரோடு நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அதோடு முடிந்தது.

அடுத்த சீசன் வந்தது 2014 ஜனவரி 1. இரண்டு வருடத்துக்கு இரண்டு வாரம்தான் குறைவு. பதின்மூன்று எபிசோடுகள் கொண்ட அந்தத் தொடரில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஒன்றுமே ஒளிபரப்பாகாத இந்த இரண்டு வருடம்தான்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஸ்டீவன் மோஃபட், மார்க் கேட்டிஸ் என்ற இரண்டு எழுத்தாளர்கள் வேறொரு தொடருக்காக லண்டனிலிருந்து கார்டிஃபுக்கு ரயிலில் போய்வந்துகொண்டிருந்தபோது பேசிப் பேசி உருவாக்கியது இது. ஹோம்ஸை இந்தக் காலத்துக்குக் கொண்டுவந்து கையில் செல்போனைக் கொடுத்தார்கள். 1887இல் வந்த முதல் கதையில் வாட்சன் ஆப்கானிஸ்தான் போரில் காயம்பட்டுத் திரும்பிய ராணுவ மருத்துவர். 2010இல் அதை மாற்ற வேண்டிய தேவையே இருக்கவில்லை. நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஹோம்ஸுக்காகக் காத்திருப்பதும் புதிதல்ல. 1893 டிசம்பரில், ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில், சுவிட்சர்லாந்தின் ரெய்கன்பாக் அருவியில் ஹோம்ஸைத் தள்ளிவிட்டுக் கதையை முடித்துக்கொண்டார். வாசகர்கள் கொதித்துப் போனார்கள். அவரைத் திட்டியும் கடிதம் வந்தது. 1901இல் வந்த பாஸ்கர்வில் கதை, ஹோம்ஸ் சாவதற்கு முன்பு நடந்ததாகத்தான் எழுதப்பட்டது. அவர் உண்மையிலேயே உயிரோடு திரும்பியது 1903இல்.

அந்த வாசகர்களின் துக்கம் பெரியது. ஆனால் அவர்களால் துப்பறிய முடியவில்லை. அருவிக்கரையில் காலடித் தடங்கள், ஒரு கைத்தடி, ஒரு கடிதம், அவ்வளவுதான் வாட்சனுக்குக் கிடைத்தது. ஹோம்ஸ் செத்துவிட்டார் என்றே ஆசிரியர் சொல்லிவிட்டார். 2012இல் நிலைமை வேறு. ஆள் உயிரோடு இருக்கிறார் என்று காட்டியாகிவிட்டது. எப்படி என்பதுதான் கேள்வி. குதித்த காட்சி முழுவதும் கண்முன் இருக்கிறது. நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம், நொடி நொடியாகப் பார்க்கலாம். இப்படி ஒரு விடுகதையைக் கையில் கொடுத்துவிட்டு இரண்டு வருடம் அவகாசமும் கொடுத்தால் என்ன ஆகும்? பார்த்தவர்கள் எல்லோரும் துப்பறிவாளர்கள் ஆனார்கள்.

நானும் என் தங்கையும் ஒரு நாற்பது பக்க நோட்டு போட்டோம். எழுதியவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். ஜானை ஏன் ‘வந்த வழியே திரும்பிப் போ, அங்கேயே நில்’ என்கிறார்? அங்கே நின்றால் நடுவில் இருக்கும் தாழ்வான கட்டடம் விழும் இடத்தை மறைக்கிறது. ஓடிவரும் ஜானை ஒரு சைக்கிள்காரர் இடித்துத் தள்ளுகிறார், அது தற்செயலா? மூட்டைகள் ஏற்றிய ஒரு லாரி நடைபாதை ஓரம் நிற்கிறது, கொஞ்ச நேரத்தில் கிளம்பிவிடுகிறது. அதற்குச் சற்று முன்பு ஆய்வகத்தில் ஷெர்லாக் ஒரு சின்ன ரப்பர் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தார். அதை அக்குளில் வைத்து இறுக்கினால் மணிக்கட்டில் நாடி கிடைக்காது. பிணவறையில் வேலை செய்யும் மாலியிடம் முந்தைய இரவு உதவி கேட்டாரே, அவளிடம் ஒரு பிணம் கிடைக்காதா? உலகம் முழுக்கப் பலர் தனித்தனியாக உட்கார்ந்து இதே பந்துக்கும் இதே லாரிக்கும் வந்து சேர்ந்தார்கள். எல்லோரும் கவனிக்காமல் விட்ட ஒரு துப்பு இருக்கிறது என்று மோஃபட் வேறு சொல்லிவிட்டார். நாங்கள் திரும்பவும் முதலிலிருந்து பார்த்தோம்.

கதையில் ஷெர்லாக்கை மோசடிக்காரர் என்று ஊரே நம்பும்படி செய்துவிடுவார்கள். அதற்குப் பதில் சொல்வதுபோல, மருத்துவமனை அருகிலுள்ள சிவப்பு டெலிபோன் பெட்டி முழுவதும் ரசிகர்கள் ‘ஷெர்லாக்கை நம்புகிறேன்’ என்று காகிதங்களை ஒட்டினார்கள். படப்பிடிப்பு நடந்த நார்த் கோவர் தெருவில் மணிக்கணக்கில் நின்றார்கள். 2012 ஆகஸ்டில் அடுத்த சீசனுக்கு மூன்றே சொற்களைக் குறிப்பாகக் கொடுத்தார்கள்: எலி, திருமணம், மூன்றாவதாக ஆங்கிலத்தில் வில்லையும் குனிந்து வணங்குவதையும் ஒரே எழுத்துகளில் குறிக்கும் ஒரு சொல். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு வயலின் வில்லா, அம்பு வில்லா, விடைபெறும் வணக்கமா என்று மாதக்கணக்கில் விவாதம். 2013 நவம்பர் கடைசியில் லண்டன் தெருக்களில் ஓர் அமரர் ஊர்தி ஓடியது. உள்ளே மலர்களால் ஷெர்லாக் என்ற பெயரும் தேதியும். அப்படித்தான் ஒளிபரப்பு நாளை அறிவித்தார்கள்.

சரி, விடை என்ன? மூன்று விடைகள் காட்டினார்கள். முதல் இரண்டும் கதைக்குள்ளேயே இருக்கும் ரசிகர்களின் கற்பனை. மூன்றாவதை ஷெர்லாக்கே சொல்கிறார். காற்றடைத்த பெரிய மெத்தை, அக்குளில் பந்து, அவரைப் போலவே இருக்கும் ஒரு பிணம், கூட உதவிய பலர். கேட்டுக்கொண்டிருக்கும், போலீஸ் தடயவியல் பிரிவில் இருந்த ஆண்டர்சன் அதையும் முழுதாக நம்பவில்லை. விடையை நேராகச் சொல்லாமல் நழுவிவிட்டார்கள் என்று பலருக்குக் கோபம். எனக்கு இல்லை. எங்கள் நோட்டில் இருந்த பந்து விடையிலும் இருந்தது. எங்களை ஏமாற்றவில்லை, நியாயமாகத்தான் விளையாடினார்கள் என்று அன்றிரவு தோன்றியது.

மூன்றாவது சீசன் முடிவில்தான் எனக்கு மனத்தாங்கல். முன்பு அதே கூரையில் தன்னைத்தானே சுட்டுக்கொண்ட, ஷெர்லாக்கின் பரம எதிரி மோரியார்ட்டியின் முகம், திடீரென்று இங்கிலாந்தின் எல்லாத் திரைகளிலும் வந்து ‘என்னைத் தேடினீர்களா?’ என்று கேட்கிறது. மறுபடி காத்திருப்பு. இடையில் 2016இல் ஒரே ஒரு சிறப்பு எபிசோடு, நான்காவது சீசன் 2017 ஜனவரியில். இந்த முறை ஆராய ஒன்றுமில்லை. பந்து இல்லை, லாரி இல்லை, ஒரு முகமும் ஒரு கேள்வியும் மட்டும். மூன்று வருடம் கழித்து, அவன் செத்தவன்தான், முன்பே பதிவு செய்து வைத்திருந்தது என்றார்கள். அதை யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. காத்திருக்கச் சொல்பவர்கள் கையில் ஏதாவது கொடுத்துவிட்டுப் போகவேண்டாமா?

நான்காவது சீசனின் கடைசி எபிசோடு ஜனவரி 15 அன்று வந்தது. ரசிகர்களில் ஒரு பகுதியினர் அதை முடிவு என்று ஏற்கவில்லை. ரகசியமாக நான்காவது எபிசோடு ஒன்று இருக்கிறது, அடுத்த ஞாயிறு பிபிசி அறிவித்திருக்கும் புதிய நாடகம் வெறும் மறைப்பு, அந்த நேரத்தில் ஷெர்லாக்தான் வருவார் என்று ஆதாரங்களோடு வாதாடினார்கள். 22ஆம் தேதி இரவு உட்கார்ந்து பார்த்தார்கள். அறிவித்த நாடகமேதான் ஓடியது. அவர்களை அப்போது பலர் கேலி செய்தார்கள். என்னால் முடியாது. எதையும் கூர்ந்து பார், கண்ணில் படுவதை அப்படியே நம்பாதே என்று ஏழு வருடம் சொல்லிக்கொடுத்தது அந்தத் தொடர்தானே?

அதற்குப் பிறகு புதிய சீசன் வரவில்லை. ஷெர்லாக் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் திருமதி ஹட்சனாக நடித்த ஊனா ஸ்டப்ஸ் 2021இல் காலமாகிவிட்டார். அவர் இல்லாத அந்த வீட்டை நினைத்துப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் ஐந்தாவது சீசன் வரும் என்று யாராவது சொன்னால் நான் முதல் ஆளாகக் காத்திருப்பேன். கடைசி நொடிகளில் திரையின் ஓரத்தில் ஒரு பந்து, ஒரு லாரி, ஏதாவது ஒன்றை விட்டுவைக்கட்டும், அது போதும்.

அந்த மூன்றாவது விடையை நம்பாதவர்கள் இங்கே இருந்தால் கூட்டம் முடிந்ததும் வாருங்கள். நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். சைக்கிள்காரரைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கிறது.