தலைநகர் விழுந்த மறுநாள்

நேயர்களுக்கு வணக்கம். கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி என்று நம் கரையோர ஊர்களில் வளைகுடாச் சம்பளத்தில் அடுப்பெரியும் வீடுகள் ஏராளம். அந்தப் பக்கம் ஒரு நாட்டின் மேல் படையெடுத்து ஆட்சியை மாற்றப் போகிறார்கள் என்று செய்தி வந்தால், ‘எத்தனை நாளில் தலைநகர் விழும்?’ என்றுதான் கேட்கிறோம். ஈராக்கில் அமெரிக்காவும் கூட்டாளிகளும் 2003 மார்ச் 20-இல் படையெடுப்பைத் தொடங்கினார்கள். ஏப்ரல் 9-இல் பாக்தாத் விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகு யார் காவல் நிற்பது? ஆயிரம் பேருக்கு 20 வீரர் என்பது ராணுவத்தில் புழங்கும் ஓர் உத்தேசக் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் பதிமூன்றரை லட்சம் பேர் உள்ள நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கே 27,000 பேர் வேண்டும். ஈராக்கில் அன்று சுமார் இரண்டரைக் கோடி மக்கள். ஐந்து லட்சம் வீரர் தேவை. இறங்கியதோ அதில் பாதிகூட இல்லை. சில லட்சம் பேர் வேண்டியிருக்கும் என்று அமெரிக்கத் தரைப்படைத் தளபதி ஷின்செகி பிப்ரவரியிலேயே செனட்டில் சொன்னார். மேலிடம் கேட்கவில்லை. எண்ணெய் அமைச்சகத்துக்குக் காவல் கிடைத்தது, தேசிய அருங்காட்சியகம் சூறை போனது. வெடிமருந்துக் கிடங்குகள் பல திறந்து கிடந்தன. பிறகு சாலையோரம் வெடித்த குண்டுகள் பலவற்றுக்கு அங்கிருந்துதான் சரக்கு.

மே மாதம் நடந்ததுதான் பெரிய கூத்து. 16-ஆம் தேதி அமெரிக்க நிர்வாகத்தின் உத்தரவில், அதுவரை ஆண்ட சதாம் உசேனின் பாத் கட்சி மேல்மட்டத்தார் அரசு வேலையிலிருந்து நீக்கம். வேலைக்காகக் கட்சியில் சேர்ந்த வாத்தியார்களும் இதில் சிக்கினார்கள். 23-ஆம் தேதி ராணுவமே கலைப்பு. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த சில லட்சம் பேர் சம்பளமில்லாமல் வீட்டுக்குப் போனார்கள். உதவித்தொகை அறிவிக்க ஒரு மாதம் ஆனது. அதற்குள் ஆர்ப்பாட்டம், துப்பாக்கிச் சூடு. பின்னாளில் ஐஎஸ் என்ற தீவிரவாத அமைப்பின் படைத் தலைமையில் பழைய ஈராக் அதிகாரிகள் பலர் இருந்தார்கள். 2011-இல் லிபியாவில் அதிபர் கடாபிக்கு எதிராக, அமெரிக்காவும் நேட்டோ கூட்டணி நாடுகளும் தரைப்படை இறக்காமல் வானிலிருந்தே அடித்தார்கள். 2014-இல் அங்கே இரண்டு அரசாங்கம், கடாபியின் ஆயுதங்கள் மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலி வரை போய்ச் சேர்ந்தன.

நம்மவர் பாடு? 1990-இல் ஈராக் குவைத்துக்குள் புகுந்து பொம்மை அரசு வைத்தபோது, சுமார் 1.7 லட்சம் இந்தியர், பெரும்பாலும் ஜோர்டானின் அம்மான் வழியாக, விமானமேறி வந்தார்கள். கையிலிருந்த குவைத் தினாரை மாற்ற முடியாமல் தவித்தார்கள். பிறகு ஐ.நா. இழப்பீட்டில் வெளியேறிய தனிநபருக்கு 2,500 அல்லது 4,000 டாலர். அதற்கும் அங்கே இருந்ததற்கு, கிளம்பியதற்குச் சான்று கேட்டார்கள். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வது அங்கே இன்றும் நடக்கிறது. ஆகவே பாஸ்போர்ட், விசாப் பக்கம், வேலை ஒப்பந்தம், கடைசிச் சம்பளச் சீட்டு, இவற்றின் நகல் ஒரு செட் ஊரில் வீட்டாரிடம் இருக்கட்டும்.