மைக் குழந்தையின் கையில் இருக்கட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பு இதுதான்: குடும்பத்தோடு விடுமுறைப் பயணம் போகும் குழந்தை, போன இடத்தில் ஓர் ஒலிப்பதிவோ குறும்படமோ புகைப்படத் தொடரோ உருவாக்கும் ஊடகப் பணியில் சேர்வது வளமா, சுமையா? எனக்கு முன்னால் பேசியவர் 'சுமையே' என்றார். மூன்று காரணங்களும் சொன்னார். விடுமுறை ஓய்வுக்கானது, கேமராவைத் தூக்கினால் பார்க்க வந்ததைப் பார்க்க முடியாது, குழந்தையின் முகமும் பெயரும் பொதுவெளிக்குப் போவது ஆபத்து. இந்த மூன்றையும் நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. மூன்றாவது எனக்கும் கவலை தருகிற விஷயம்தான்.

ஆனால் அவர் காட்டிய குழந்தைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். எல்லோரும் கேமராவுக்கு முன்னால் நிற்கிறவர்கள். அப்பா படம் பிடிக்கிறார், அம்மா 'இன்னொரு தடவை ஓடி வா, இந்த முறை சிரிச்சுக்கிட்டே வா' என்கிறார், பிள்ளைக்குக் கால் வலிக்கிறது, வெயில் கண்ணில் அடிக்கிறது, ஆனாலும் இன்னொரு டேக். அது சுமை என்று சொல்ல ஒரு பட்டிமன்றமே தேவையில்லை, நானும் சேர்ந்து சொல்கிறேன். ஆனால் அது பெரியவர்களின் பணி, குழந்தை அதில் காட்சிப்பொருள், அவ்வளவுதான். நாங்கள் பேச வந்தது கேமராவுக்குப் பின்னால் நிற்கிற குழந்தையைப் பற்றி. என்ன கேட்பது, எதைப் பதிவு செய்வது, எதை வெட்டுவது என்று தானே முடிவு செய்கிற குழந்தையைப் பற்றி.

இந்த வித்தியாசத்தை என் வசதிக்காக நான் கண்டுபிடிக்கவில்லை. ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-இல் யுனிசெஃபுக்காக எழுதியபோது, குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்து காட்டினார். கீழே உள்ள மூன்று படிகளை அவர் பங்கேற்பு என்றே கணக்கில் எடுப்பதில்லை. குழந்தையைத் தன் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்வது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்குச் சேர்த்துக்கொள்வது. எதிரணி காட்டியதெல்லாம் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. சரி, உச்சியில் என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் குழந்தையே தொடங்கித் தானே நடத்துவது ஏழாவது படிதான். எட்டாவது, குழந்தை தொடங்கி வைத்து, முடிவுகளைப் பெரியவர்களோடு சேர்ந்து எடுப்பது. அதற்குக் கூடவே இருக்கிற, அவசரப்படாத, 'நீ சொல்லு, அப்புறம் நான் சொல்றேன்' என்று உட்கார்ந்து பேச நேரம் இருக்கிற பெரியவர்கள் வேண்டும். வேலை நாளில் அப்படி யார் வீட்டில் இருக்கிறார்கள்? மதிப்பெண்ணும் இல்லை, மணியும் அடிக்காது, அம்மாவும் அப்பாவும் ஒரே இடத்தில் பகல் முழுக்க இருக்கிறார்கள் என்றால் அது விடுமுறையில்தான்.

அடுத்து ஓய்வு. எதிரணி 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையைக் கையில் எடுத்தார்கள். பிரிவு 31, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்றார்கள். உண்மை, முழு உண்மை. ஆனால் அதே பிரிவு அங்கே நிற்காமல், பண்பாட்டு வாழ்விலும் கலைகளிலும் தாராளமாகப் பங்கெடுக்கும் உரிமையையும் சேர்த்தே சொல்கிறது. ஓய்வும் கலையும் ஒன்றுக்கொன்று எதிரி என்று அதை எழுதியவர்கள் நினைக்கவில்லை, ஒரே வரியில்தான் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் முன்னால் பிரிவு 13-ஐயும் பாருங்கள். பேச்சாக, எழுத்தாக, கலையாக, அல்லது குழந்தை தானே தேர்ந்தெடுக்கும் வேறு எந்த ஊடகத்தின் வழியாகவும் கருத்தைச் சொல்லும் உரிமை அதில் இருக்கிறது. 'குழந்தை தேர்ந்தெடுக்கும் ஊடகம்'. எங்கள் அணி கேட்பது இதைத்தான், இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

சம்பாதிக்க வைக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றியும் எதிரணி பேசினார்கள். அதில் எனக்கும் கோபம் உண்டு. சாப்ளினோடு நடித்து 1921-இல் உலகப் புகழ் பெற்ற ஜாக்கி கூகன், பெரியவனான பிறகு பார்த்தால் தான் சம்பாதித்ததில் பெரும்பகுதி காலியாகியிருந்தது. 1938-இல் தாய் மீதும் மாற்றாந்தந்தை மீதும் வழக்குப் போட்டார், அதன் விளைவாகத்தான் 1939-இல் கலிஃபோர்னியாவில் அவர் பெயராலேயே அழைக்கப்படும் சட்டம் வந்தது. பிரான்ஸ் 2020-இல் இணையக் காணொளிகளில் வரும் 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சட்டம் போட்டது. வருமானத்தைப் பாதுகாப்பதோடு, தன் காணொளியை நீக்கச் சொல்லும் உரிமையையும் குழந்தைக்கே கொடுத்தது. இந்தச் சட்டங்களை நாங்கள் இரண்டு கையாலும் வரவேற்கிறோம். பணமும் பார்வையாளர் எண்ணிக்கையும் உள்ளே வந்த நிமிடத்தில் அது விடுமுறைப் பணியாக இருக்காது, தொழிலாகிவிடும், தொழிலுக்கு உரிய எல்லாக் கட்டுப்பாடும் அதற்கு வேண்டும். அதையும் மழையில் ஜன்னலோரம் உட்கார்ந்து சத்தம் பிடிக்கிற பிள்ளையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

கேமரா நினைவைத் திருடிவிடும் என்ற வாதம்தான் எதிரணியின் பலமான வாதம். லிண்டா ஹென்கல் என்ற உளவியலாளரின் ஆய்வை அவர்கள் சொன்னார்கள். 2014-இல் வெளியான அந்த ஆய்வில் ஓர் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்தவர்கள், வெறுமனே பார்த்த பொருள்களைவிட முழுதாகப் படம் எடுத்த பொருள்களைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். சரி, ஆனால் அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருக்கிறது. பொருளின் ஒரு பகுதியை நெருங்கி, ஜூம் செய்து எடுத்தவர்களுக்கு அந்த இழப்பு ஏற்படவில்லை. படத்துக்குள் வராத பகுதிகூட அவர்களுக்கு நினைவிருந்தது. அதில் கலந்துகொண்டவர்கள் கல்லூரி மாணவர்கள், குழந்தைகள் அல்ல, அதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனாலும் நான் எடுத்துக்கொள்வது இதுதான்: கண்டதையெல்லாம் கிளிக் செய்துகொண்டு நடப்பது ஒன்று, 'இதில் எந்த இடம் எனக்கு வேண்டும்' என்று நின்று யோசிப்பது வேறொன்று. பணி என்று ஒன்று கையில் இருக்கும் குழந்தை இரண்டாவதைத்தான் செய்கிறது. 'கதவுகள்' என்று தலைப்பு வைத்துக்கொண்ட பிள்ளை ஒரு தெருவில் ஆயிரம் படம் எடுக்காது. கதவுகளைத் தேடும், கைபட்டுத் தேய்ந்த கைப்பிடியைப் பார்க்கும், இதை யார் செய்தார்கள் என்று கேட்கும்.

ஒலிப்பதிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச விரும்புகிறேன், ஏனென்றால் எனக்கு இதில் அதிகம் நம்பிக்கை. ஒலிப்பதிவு செய்கிறவர்கள் பேட்டி முடிந்ததும் உடனே கிளம்பிவிட மாட்டார்கள். யாரும் பேசாமல், அந்த இடம் சும்மா இருக்கும்போது எழுகிற ஒலியை அரை நிமிடமோ ஒரு நிமிடமோ தனியாகப் பிடிப்பார்கள். எடிட்டிங்கில் பேச்சை வெட்டி ஒட்டும் இடத்தில் பின்னணி திடீரென்று அறுந்துபோகாமல் நிரப்ப அது வேண்டும். இப்போது ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுத்துப் பாருங்கள். ஒரு முழு நிமிடம் அசையாமல், மூச்சைக்கூட மெதுவாக விட்டுக்கொண்டு கேட்க வேண்டும். தூரத்தில் ஓடுகிற மோட்டார், இலை, யாரோ மாடிப்படி இறங்குகிற சத்தம் எல்லாம் அப்போதுதான் காதில் விழும். 'சும்மா இரு, கவனி' என்று நாம் எத்தனை தடவை சொன்னாலும் நடக்காத காரியம், ஹெட்ஃபோனை மாட்டிவிட்டால் தானாக நடக்கிறது. அப்புறம் காற்று. மைக்கில் காற்று நேராக மோதினால் பதிவு முழுக்கப் 'பட பட' என்று இரைச்சல்தான். அதற்கு ஒரு பஞ்சு உறை வேண்டும், அல்லது சுவர்ப் பக்கம் ஒதுங்க வேண்டும், இல்லையென்றால் உடம்பாலேயே மறைத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் ஒரு தடவை பதிவு கெட்டுப்போன பிறகு பிள்ளை தானே கண்டுபிடிக்கும்.

கேள்வி கேட்பது இன்னும் பெரிய விஷயம். 'உங்களுக்கு இந்த வேலை பிடிக்குமா?' என்று கேட்டால் 'பிடிக்கும்' என்று ஒரு சொல்லில் முடிந்துவிடும். 'முதல் நாள் வேலைக்கு வந்தபோது என்ன நடந்தது?' என்று கேட்டால் கதை வரும். படகு ஓட்டுகிறவரிடமும் தோட்டம் பார்க்கிறவரிடமும் பெரியவர்கள் வழி கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். கையில் மைக்கோடு நிற்கிற குழந்தை அவர்களை மனிதர்களாகச் சந்திக்கிறது, முதலில் 'பதிவு செய்துகொள்ளலாமா?' என்று அனுமதி கேட்கிறது, முடியாது என்று சொன்னால் 'சரிங்க' என்று திரும்பி வருகிறது. இன்னொருவர் மறுக்கலாம், அந்த மறுப்பை மதிக்க வேண்டும் என்பதை வேறு எந்த வகுப்பில் இவ்வளவு நேராகக் கற்றுக்கொள்ளும்?

மாலையில் அறைக்குத் திரும்பி, பிடித்ததைப் போட்டுக் கேட்கும்போது வீட்டுக்காரர்கள் எல்லோரும் சுற்றி உட்காருகிறார்கள். 'அவர் ஏன் அப்படிச் சொன்னார்?', 'அதற்கு முன்னால் என்ன நடந்தது?' என்று பேச்சு நீள்கிறது. நடந்ததைப் பற்றிப் பெற்றோர் இப்படி விரிந்த கேள்விகள் கேட்டுப் பேசும்போது குழந்தைகள் தங்கள் அனுபவத்தை இன்னும் நிறைவாக நினைவுகூர்கிறார்கள் என்று ராபின் ஃபிவுஷ், எலைன் ரீஸ் போன்ற ஆய்வாளர்கள் நீண்டகாலமாகச் சொல்லி வருகிறார்கள். குடும்ப நேரத்தை இந்தப் பணி விழுங்கிவிடும் என்று எதிரணி பயப்படுகிறார்கள். ஆளுக்கொரு திரையில் மூழ்கிக் கிடக்கிற மாலையைவிட இது எவ்வளவோ மேல் என்று நான் நினைக்கிறேன்.

ஒரு பெயரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சமந்தா ஸ்மித். அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் அணு ஆயுதங்களை எதிரெதிரே நிறுத்தி வைத்திருந்த காலம். 1982-இல், பத்து வயதில், சோவியத் தலைவர் ஆந்த்ரோபோவுக்கு ஒரு கடிதம் எழுதினாள், போர் வருமா என்று கேட்டாள். அவர் பதில் எழுதி அழைத்தார். 1983 ஜூலையில் அம்மா அப்பாவோடு இரண்டு வாரம் போய்வந்தாள், பத்திரிகைக்காரர்கள் கூடவே சுற்றினார்கள். அந்தப் பயணத்தில் அவள் மற்றவர்களின் கேமராவுக்குள் இருந்தவள்தான், அதை மறைக்கவில்லை. ஆனாலும் ஆர்ட்டெக் என்ற சோவியத் சிறுவர் முகாமில் தனி வசதிகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டு மற்றப் பிள்ளைகளோடு தங்கினாள். அடுத்த வருடமே டிஸ்னி சேனலுக்காக அமெரிக்க அதிபர் தேர்தல் வேட்பாளர்களிடம் கேள்வி கேட்கிற இடத்துக்கு அவளே வந்துவிட்டாள். 13 வயதில் விமான விபத்தில் இறந்துபோனாள் என்பது இப்போது நினைத்தாலும் மனதைப் பிசைகிறது. எல்லாக் குழந்தைகளும் சமந்தா ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பார்க்கப்படுகிற குழந்தை கேட்கிற குழந்தையாக மாற முடியும் என்பதற்கு அவள் சாட்சி.

இப்போது அந்த மூன்றாவது பயம். முகம், பெயர், இடம். இங்கே எதிரணியோடு எனக்குச் சண்டையே இல்லை, வழி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். கைப்பேசியில் எடுக்கும் படத்தோடு, எடுத்த இடத்தின் தகவலும் சேர்ந்து பதிவாகலாம். கேமரா அமைப்புகளில் அதை முதலிலேயே அணைத்துவிடுங்கள். பயணத்தில் இருக்கும்போது எதையும் வெளியிட வேண்டாம், வீட்டுக்கு வந்து எல்லோரும் ஒருமுறை பார்த்த பிறகு போதும். வெளியிடாமலே இருந்தாலும் ஒன்றும் குறைந்துவிடாது. தாத்தாவும் பாட்டியும் கேட்டால் அதுவே பெரிய சபை. பெயர் போட வேண்டும் என்றால் புனைபெயர் இருக்கிறது. 2009-இல் பிபிசி உருது இணையதளத்தில் பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கிலிருந்து நாட்குறிப்பு எழுதிய 11 வயது மலாலா 'குல் மகாய்' என்ற பெயரில்தான் எழுதினார். அது விடுமுறை அல்ல, உயிருக்கு ஆபத்தான சூழல், இரண்டையும் நான் ஒப்பிடவில்லை. ஆனால் பெயரை மறைத்தும் ஒரு குழந்தையின் குரல் முழுதாக வெளியே வர முடியும் என்பது அங்கே தெரிந்தது.

வேலை முடியாமல் விடுமுறை முடிந்துவிட்டால்? முடியாமலே இருக்கட்டும். இதற்கு யாரும் மதிப்பெண் போடப் போவதில்லை. பிள்ளை நடுவில் மைக்கைப் பையில் போட்டுவிட்டுத் தண்ணீரில் குதிக்கப் போனால், 'பாதியில் விடாதே' என்று எந்தப் பெரியவரும் பின்னால் போகக்கூடாது. எங்கள் அணி இதில் உறுதியாக இருக்கிறது.

நடுவர் அவர்களே, மணி அடிப்பதற்குள் ஒன்று. அதே உடன்படிக்கையின் பிரிவு 12, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு, அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தரவேண்டும் என்கிறது. எதிரணியில் இதுவரை பேசியவர்கள், இது குழந்தைக்குச் சுமை என்று குழந்தையின் சார்பில் அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். 'வேண்டாம்' என்று பிள்ளை சொன்னால் நாங்களும் அன்றைக்கே அதை மூட்டைகட்டி வைத்துவிடுவோம். 'எனக்கு இதைப் பதிவு செய்யணும்' என்று வந்து நின்றால் என்ன பதில் சொல்வார்கள்? அடுத்துப் பேச வருகிறவர் அதைச் சொல்லட்டும். வணக்கம்.