கேலிச்சித்திரத்தின் வழியே அரசமைப்பு

ஆசிரியப் பெருமக்களே, வணக்கம்.

குடிமையியலை நாம் மனப்பாடப் பாடமாகவே நடத்திப் பழகிவிட்டோம். 19(1)(அ) பிரிவு கருத்துரிமையை வழங்குகிறது என்று எழுதும் மாணவர் முழு மதிப்பெண் பெறுகிறார். அந்த உரிமை வேறோர் அதிகாரத்தோடு மோதினால் என்ன ஆகும் என்று கேட்டால் திகைத்து நிற்கிறார். அந்த மோதலைக் கண்ணெதிரே காட்டுவதற்கு அரசியல் கேலிச்சித்திரத்தைவிடச் சிறந்த கருவியை நான் அறியேன்.

1987ஆம் ஆண்டு ஆனந்த விகடன் தன் அட்டையில் சட்டமன்ற உறுப்பினரையும் அமைச்சரையும் திருடர்களோடு ஒப்பிட்டு ஒரு நகைச்சுவைச் சித்திரத்தை வெளியிட்டது. அதற்காகத் தமிழ்நாடு சட்டமன்றம், நீதிமன்ற விசாரணை எதுவும் இல்லாமலேயே, இதழின் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. எதிர்ப்பு வலுக்கவே சில நாட்களில் அவர் விடுவிக்கப்பட்டார் என்றாலும், அத்தோடு விட்டுவிடாமல் உயர்நீதிமன்றத்தில் வழக்காடி வென்றார். சட்டமன்றத்துக்குச் சிறப்புரிமை தரும் 194(3) பிரிவையும் கருத்துரிமைப் பிரிவையும் கரும்பலகையில் அருகருகே எழுதிவிட்டு, எது எதற்குக் கட்டுப்பட வேண்டும் என்று மாணவர்களை வாதிடச் சொல்லுங்கள். உத்தரப் பிரதேசச் சட்டமன்றம் அவமதிப்புக்காகச் சிறையிலிட்ட கேசவ் சிங் என்பவரின் விவகாரத்தில் 1964இல் உச்சநீதிமன்றமே விரிவாக ஆராய வேண்டியிருந்த சிக்கல் இது. ஒரே வகுப்பில் முடிந்துவிடாது, முடியவும் வேண்டாம்.

நெருக்கடி நிலைக் காலத்தில், 1975 டிசம்பரில், கேலிச்சித்திரக்காரர் அபு ஆபிரகாம் வரைந்த சித்திரத்தில் குடியரசுத் தலைவர் குளியல் தொட்டியில் இருந்தபடியே அவசரச் சட்டத்தில் கையெழுத்திடுகிறார். அவசரச் சட்டம் பிறப்பிக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்குத் தரும் 123ஆம் பிரிவை இதற்குமுன் எத்தனை முறை விளக்கியிருந்தாலும், இந்தப் படத்துக்குப் பிறகு மாணவர் கேட்கும் கேள்வி வேறாக இருக்கும்: அமைச்சரவை அனுப்புவதையெல்லாம் அவர் ஒப்பத்தான் வேண்டுமா?

இனி, நாம் தவிர்க்க விரும்பும் இடத்துக்கு வருகிறேன். அரசமைப்பை நத்தையாகவும், அதன்மேல் சாட்டையுடன் அண்ணல் அம்பேத்கரையும், அவருக்குப் பின்னால் சாட்டையை ஓங்கியபடி நேருவையும் காட்டி, 1949இல் கேலிச்சித்திரக்காரர் சங்கர் வரைந்த படம் பதினோராம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்றிருந்தது. 2012இல் நாடாளுமன்றத்தில் கடும் எதிர்ப்பு எழுந்ததும் அரசு அதை விலக்கிக்கொள்ள முடிவெடுத்தது. பாடநூல் ஆலோசகர் இருவர் பதவி விலகினர். சாட்டை என்பது சிலருக்கு உருவகம் மட்டுமே. தலைமுறை தலைமுறையாக அடிபட்டவர்களின் வீட்டுப் பிள்ளைக்கு அது அப்படியன்று. அந்த மனவலியை மிகையுணர்ச்சி என்று ஒதுக்குவது ஆசிரியருக்கு அழகன்று. ஆயினும் படத்தை நீக்குவது தீர்வு என்று நான் கருதவில்லை. கேலிச்சித்திரம் ஒருவர் வைக்கும் குற்றச்சாட்டே தவிர தீர்ப்பன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1946 டிசம்பர் முதல் 1949 நவம்பர் வரை அரசியல் நிர்ணய சபை என்னென்ன விவாதித்தது என்பதை விவாதப் பதிவுகளிலிருந்தே படிக்கக் கொடுத்து, 'தாமதம்' என்ற சங்கரின் குற்றச்சாட்டுக்கு மறுப்பு எழுதும் உரிமையை அந்தப் பிள்ளைக்கும் வழங்க வேண்டும்.