பாதி மதில்

கர்த்தருடைய நாமத்தில் உங்கள் அனைவருக்கும் ஸ்தோத்திரம். நெகேமியா 4-ஆம் அதிகாரத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கி.மு. 445. பெர்சிய ராஜாவிடம் அனுமதி வாங்கி வந்த நெகேமியாவின் தலைமையில் யூதர் எருசலேமின் இடிந்த மதிலைக் கட்டுகிறார்கள். முதலில் வந்தது கேலி. ஒரு நரி ஏறினாலே இடிந்துவிழும் என்றான் எதிரிகளில் ஒருவனான தொபியா. அதற்கு வேலை நிற்கவில்லை, மதில் பாதி உயரம் எழும்பியது. ஆட்கள் தளர்ந்தது அப்போதுதான். சுமைகாரரின் பெலன் குறைகிறது, மண்மேடோ இன்னும் மிச்சமிருக்கிறது என்று புலம்பியவர்கள் யூதா மனிதரே, எதிரிகள் அல்ல. எதிரிகளின் அருகே குடியிருந்த யூதரும் பத்துவிசை வந்து அதே பயத்தைச் சொன்னார்கள்.

தொடங்கியபோது இருந்த உற்சாகம் வடிந்திருக்கும், முடிவு இன்னும் கண்ணில் படாது. ஜெபம் நின்றுபோவது பெரும்பாலும் இந்தப் பாதி உயரத்தில்தான். ஆனால் எல்லாச் சோர்வையும் பிசாசின் தலையில் கட்டிவிடாதீர்கள். சூரைச்செடியின்கீழ் சாகவேண்டும் என்று கேட்ட தீர்க்கதரிசி எலியாவை அதட்டத் தூதன் வரவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான். எலியா சாப்பிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாந்தரம் தட்டியெழுப்பி இன்னும் சாப்பிடச் சொன்னான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்று தேவன் கேட்டது 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போன பிறகு.

நெகேமியா என்ன செய்தார்? 9-ஆம் வசனம்: ஜெபம்பண்ணினார்கள், ஜாமக்காரரையும் வைத்தார்கள். நம்மில் பலர் முதல் பாதியோடு எழுந்துவிடுகிறோம். காவல் வைத்த இடத்தைப் பாருங்கள்: மதிலுக்குப் பின்னே, பள்ளமான இடங்களில், குடும்பம் குடும்பமாக. உங்கள் பள்ளமான இடம் எது? ராத்திரி தனியாகக் கையில் இருக்கும் போனா? வீட்டில் சண்டை நடந்த மறுநாளா? பாராட்டு வாங்கிய சாயங்காலமா? பொதுவாக "சோதனையிலிருந்து காத்துக்கொள்ளும்" என்று ஜெபிப்பதோடு அந்த நேரத்தையும் பேர் சொல்லி ஜெபியுங்கள். அதற்கென்றே இரண்டு மூன்று வசனங்களை மனப்பாடம் செய்யுங்கள். வனாந்தரத்தில் பிசாசு சோதித்தபோது இயேசு சொன்ன மூன்று பதில்களும் உபாகமம் 6, 8 அதிகாரங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த நேரத்தில் கூப்பிட ஒருவரிடம் முன்னமே சொல்லிவையுங்கள். மதிலில் ஆட்கள் தூரந்தூரமாக நின்றதால்தான் எக்காளம் ஊதுகிறவன் நெகேமியாவின் பக்கத்திலேயே இருந்தான்.

5-ஆம் அதிகாரத்தைப் பிரசங்கங்களில் தாண்டிவிடுகிறோம், எனக்கோ அதுதான் இதில் கடினமான அதிகாரம். வெளியே எதிரிகளின் தலைவன் சன்பல்லாத்து நிற்கிறான், உள்ளே ஜனங்கள் வயலை அடகுவைத்து, பிள்ளைகளை அடிமையாக விட்டு அழுகிறார்கள். கடன் கொடுத்தவர்கள் சொந்தச் சகோதரர். நெகேமியா இதைச் "சத்துருவின் கிரியை" என்று ஒதுக்கவில்லை. சபை கூட்டி, வயலையும் நூற்றுக்கொன்று வீதம் வாங்கிய வட்டியையும் திருப்பிக் கொடுக்க வைத்தார்.

பிறகு ஓனோ சமவெளிக்கு வா, பேசலாம் என்று எதிரிகளிடமிருந்து 4 தரம் ஆள் வந்தது. 4 தரமும் ஒரே பதில்: பெரிய வேலை செய்கிறேன், வர இயலாது. அதற்குமேல் விளக்கம் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் பேச்சு அதிலிருந்தே வளர்ந்திருக்கும். 52-ஆம் நாள் மதில் முடிந்தது.

தொபியாவின் கதை முடியவில்லை. நெகேமியா 12 ஆண்டு அதிபதியாக இருந்தார். பின்பு ராஜாவிடம் போய்த் திரும்பிவந்து பார்த்தால், காணிக்கையும் சாம்பிராணியும் இருந்த ஆலய அறையில் தொபியா குடியிருக்கிறான். திறந்து கொடுத்தவன் ஆசாரியன் எலியாசிப். நெகேமியா தொபியாவின் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்தார், அறையைச் சுத்திகரிக்கச் சொன்னார், சாம்பிராணியைப் பழைய இடத்தில் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்.