எந்தக் குழாயில் எடுத்த மாதிரி?

நேயர்களுக்கு வணக்கம். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ஒரு டம்ளர் தண்ணீர்.

1959 டிசம்பர். ஜப்பானின் மினமாட்டாவில் சிஸ்ஸோ என்ற ரசாயன நிறுவனம் கழிவுநீர் சுத்திகரிப்பு இயந்திரம் ஒன்றை விழா எடுத்துத் திறந்தது. அதில் சுத்திகரித்த நீர் என்று சொல்லி, நிறுவனத் தலைவர் எல்லார் முன்னிலையிலும் ஒரு டம்ளர் குடித்துக் காட்டினார். அந்தக் கடலோரத்தில் மீன் சாப்பிட்டவர்கள் கை கால் நடுங்கி, பேச்சுக் குழறி, பார்வை மங்கித் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. இனி பயமில்லை என்று மக்கள் நம்பினார்கள்.

ஆனால் அந்த நோய்க்குக் காரணம், ஆலை கடலில் விட்ட பாதரசக் கழிவு. அது வந்த பிரிவின் நீர் அந்த இயந்திரத்துக்குள் போகவே இல்லை. நிறுவனத்தின் மருத்துவரே அந்தக் கழிவைத் தீவனத்தில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார். அதற்கும் அதே நோய் வந்தது. நிர்வாகம் அதை மூடி மறைத்தது. பாதரசக் கழிவு கடலில் கலப்பது 1968-ல்தான் நின்றது.

இன்றைக்கு நிறுவனங்கள் மரக்கன்று நடுகின்றன, பள்ளிகளில் சுற்றுச்சூழல் போட்டி நடத்துகின்றன. நல்ல காரியம்தான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதெல்லாம் வந்த லாபத்தில் கொஞ்சத்தைச் செலவழிப்பது. அந்த லாபம் எப்படி வந்தது, ஆலைக்குப் பின்பக்கம் என்ன வெளியேறுகிறது என்பதுதான் முதல் கேள்வி. விழாவுக்கு நிறுவனத்திடமிருந்தே படமும் செய்திக் குறிப்பும் தயாராக வந்துவிடுகின்றன. ஆள் பற்றாத செய்தியறை அப்படியே போட்டுவிடுகிறது. ஆலையின் பின்பக்கத்துக்கு நிருபர் நேரில் போக வேண்டும், திரும்பத் திரும்பப் போக வேண்டும். விளம்பரம் தருபவரும் அதே நிறுவனம் என்றால் அதற்குத் துணிச்சலும் வேண்டும்.

யூஜின் ஸ்மித் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் 1971-ல் மனைவியோடு மினமாட்டாவுக்குப் போனார். அங்கேயே சில ஆண்டுகள் குடியிருந்தார். அவருடைய படங்கள் வெளிவந்த பிறகுதான் உலகத்தில் பலருக்கு அந்த மக்களின் முகம் தெரிந்தது. இப்படி ஊன்றி நிற்கிற செய்தியாளர்களுக்குச் சம்பளமும் பாதுகாப்பும் கிடைக்க வேண்டும் என்று நான் மனதாரக் கேட்கிறேன்.

சரி, நேயர்கள் என்ன செய்யலாம்? மரம் நட்ட செய்தி வந்தால், அடுத்த வருடம் அதே ஊடகத்துக்கு எழுதுங்கள்: எத்தனை கன்று பிழைத்தது? அப்புறம், கழிவுநீர்ச் சோதனை அறிக்கையை வெளியிடச் சொல்லிக் கேளுங்கள். அதில் தேதி இருக்க வேண்டும், சோதித்த ஆய்வகத்தின் பெயர் இருக்க வேண்டும், எந்தக் குழாயில் மாதிரி எடுத்தார்கள் என்பதும் இருக்க வேண்டும்.