ஓரமாக நிற்கும் பிள்ளைக்கும் ஒரு பந்து: தொடக்கப்பள்ளியில் உடற்கல்வி

[திரையில்: பள்ளித் திடல், காலை வெயில். உடற்கல்வி உடையில் பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள்.]

வணக்கம். சிங்கப்பூர்ப் பள்ளிகளில் உடற்கல்வி யாருக்காக? நன்றாக ஓடுகிற, பந்தைக் கண்டால் துள்ளுகிற பிள்ளைகளுக்காக என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அந்தப் பிள்ளைகளுக்கு இணைப்பாட நடவடிக்கை இருக்கிறது, பள்ளிக் குழு இருக்கிறது, வீட்டில் வசதி இருந்தால் தனியார் பயிற்சியும் இருக்கிறது. ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிற பிள்ளைக்கு என்ன இருக்கிறது? வாரத்தில் வரும் அந்தச் சில உடற்கல்விப் பாடவேளைகள்தான். அந்தப் பிள்ளையை மனத்தில் வைத்துத்தான் இந்த வீடியோ.

அங்கே என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? கல்வி அமைச்சின் பாடத்திட்டத்தில் திடல்தடப் பயிற்சி, நடனம், விளையாட்டுகள், ஜிம்னாஸ்டிக்ஸ், வெளிப்புறக் கல்வி, நீச்சல் எல்லாம் உண்டு. உடல்நலமும் உடலுறுதியும் அதோடு சேர்த்தி. இதற்கென்றே ஆசிரியர்களைத் தேசியக் கல்விக் கழகம் பயிற்றுவிக்கிறது. நம்ம ஓட்டப்பந்தய வீரர் சி. குணாளன் வேலை பார்த்த இடம் அது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடியவர் அவர். அந்தத் தேசியச் சாதனை 33 ஆண்டுகள் அப்படியே நின்றது. 2001இல் யு.கே. ஷியாம் 10.37 விநாடியில் ஓடித்தான் அதை முறியடித்தார். பள்ளி ஆசிரியராக இருந்த குணாளன், பிற்பாடு உடற்கல்வி ஆசிரியர்களுக்கே ஆசிரியரானார். நாட்டிலேயே வேகமாக ஓடியவர், எல்லாப் பிள்ளைகளையும் ஓடவைக்கப்போகும் ஆசிரியர்களை உருவாக்கப் போனார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

[திரையில்: ஒரு சிறுமியின் பாதங்கள். தரையில் ஒட்டிய காலடித் தடங்கள்.]

சரி, ஒரே ஓர் அசைவை எடுத்துக்கொள்வோம். பந்து வீசுவது. அதில் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்று தோன்றும்.

தொடக்கநிலை 1 பிள்ளைகளிடம் பந்தைக் கொடுத்து வீசச் சொல்லிப் பாருங்கள். பலர் நின்ற இடத்திலேயே நின்று, கையை மட்டும் முன்னால் தள்ளுவார்கள். பந்து நாலடி தள்ளி விழும். இன்னும் சிலர் வலக்கையால் வீசும்போது வலக்காலையே முன்னால் வைப்பார்கள். அப்படி வைத்தால் உடம்பு திரும்பவே முடியாது. சரியான வீச்சு காலில் தொடங்குகிறது. பக்கவாட்டில் நிற்க வேண்டும், கையைப் பின்னால் கொண்டுபோக வேண்டும், வலக்கைக்காரர் இடக்காலை எடுத்து முன்னால் வைக்க வேண்டும். அப்போது முதலில் இடுப்பு திரும்பும், அப்புறம் தோள், அப்புறம் முழங்கை, கடைசியாக மணிக்கட்டு. பந்து கையைவிட்டுப் போன பிறகும் கை நிற்காமல் எதிர்ப்பக்க இடுப்புவரை வர வேண்டும்.

தெரிந்த ஆசிரியர் இத்தனையையும் வாயால் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார். தரையில் இரண்டு காலடித் தடங்களை ஒட்டிவைப்பார். "இந்தக் காலில் நில், அந்தக் காலுக்குப் போ" என்பார், அவ்வளவுதான். இலக்கையும் ஆரம்பத்தில் சின்னதாக வைக்க மாட்டார். சின்ன இலக்கைப் பார்த்தால் பிள்ளை குறி தவறிவிடுமோ என்று பயந்து கையைச் சுருக்கிக்கொள்ளும். அதனால் முதலில் ஒரு பெரிய சுவரைக் காட்டி, "முடிந்த மட்டும் பலமாக வீசு" என்பார். பலமாக வீச முயலும்போது உடம்பு தானாகத் திரும்பும். குறி பார்ப்பதெல்லாம் அப்புறம்.

இதைக் கற்றுக்கொள்ளாத பிள்ளைக்கு என்ன ஆகும்? இரண்டு மூன்று வருடத்தில் வகுப்பில் கேப்டன்ஸ் பால் என்ற, பந்தை வீசிப் பிடிக்கும் குழு ஆட்டம் ஆடுவார்கள். அந்தப் பிள்ளையின் கைக்குப் பந்து வராது, வந்தாலும் உடனே வேறு யாராவது வாங்கிக்கொள்வார்கள். "எனக்கு விளையாட்டு வராது" என்று பிள்ளை தானே முடிவு செய்துகொள்ளும். அந்த முடிவு இடைவேளைக்கும் போகும், உயர்நிலைப் பள்ளிக்கும் போகும். அதனால்தான் முதல் மூன்று வருடங்களில் ஓடுவது, தாவுவது, சமநிலையில் நிற்பது, பிடிப்பது, வீசுவது, உதைப்பது என்ற அடிப்படை அசைவுகளுக்கு அத்தனை கவனம்.

இங்கே ஒரு கணக்கும் இருக்கிறது. தொடக்கநிலை 1, 2 வகுப்புகளில் 30 பிள்ளைகள்வரை இருப்பார்கள். முப்பது நிமிடப் பாடத்துக்கு ஒரே பந்து என்றால் தலைக்கு ஒரு நிமிடம்தான். மீதி நேரம் வரிசையில் நிற்க வேண்டியதுதான். பந்து பட்டால் வெளியே உட்கார வேண்டிய ஆட்டங்கள் இன்னும் மோசம். நன்றாக ஆடத் தெரியாதவர்தான் முதலில் வெளியேறுவார், பயிற்சி அதிகம் தேவைப்படுபவரும் அவர்தான். ஆளுக்கொரு பந்து, இல்லையென்றால் இருவருக்கு ஒன்று. ஒரு பாடம் நன்றாக நடக்கிறதா என்று பார்க்க நான் முதலில் இதைத்தான் கவனிப்பேன்.

[திரையில்: "1992 – 2007"]

பிள்ளைகளைத் தனியாகப் பிரித்தால் என்ன நடக்கும் என்பதையும் சிங்கப்பூர் பார்த்துவிட்டது. 1992இல் 'டிரிம் அண்ட் ஃபிட்' திட்டம் வந்தது. அதில் எடை கூடிய பிள்ளைகளுக்குக் கூடுதல் உடற்பயிற்சி. நோக்கத்தில் தப்பில்லை, உடற்பருமன் விகிதமும் குறைந்தது. ஆனால் எல்லாரும் பார்க்க, இடைவேளையில் ஓடவிடப்பட்ட பிள்ளைகள் பட்ட கேலி கொஞ்சநஞ்சமில்லை. இன்று பெரியவர்களாகிவிட்ட பலர் அதை இன்னும் வலியோடுதான் சொல்கிறார்கள். 2007இல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டு, எல்லாப் பிள்ளைகளின் உடல்நலம், மனநலம் இரண்டையும் பார்க்கும் அணுகுமுறை வந்தது. அது சரியான முடிவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஓட்டத்தைத் தண்டனையாக அனுபவித்த பிள்ளை, வளர்ந்த பிறகு விருப்பப்பட்டு ஓடப்போவதில்லை.

[திரையில்: நீச்சல் குளம், மிதக்கும் பிள்ளைகள்.]

அடுத்து நீச்சல். இதில் நம் வீடுகளில் நடப்பதைக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். 2010இல் தொடங்கிய 'ஸ்விம்சேஃபர்' திட்டத்தில் ஆறு நிலைகள் இருக்கின்றன. கை, கால் வீசி நீந்துவதோடு அது முடிவதில்லை. மிதப்பது, ஆழத்தில் காலை உதைத்துத் தலையை நீருக்கு மேல் வைத்திருப்பது, தத்தளிப்பவரைக் கண்டால் தான் குதிக்காமல் மிதவையை எறிந்து உதவுவது என்று உயிர் காக்கும் பாடங்கள் அதில் இருக்கின்றன. நாம் இருப்பது தீவு. கடற்கரை, நீர்த்தேக்கம், கொண்டோமினியம் குளம் என்று எங்கே திரும்பினாலும் தண்ணீர்.

அப்படியிருந்தும், "வெயிலில் கறுத்துப்போவாள்", "பெரிய பிள்ளையாகிவிட்டாள், நீச்சலுடை எதற்கு" என்று சொல்லிப் பெண்பிள்ளைகளை நிறுத்திவிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. கையும் காலும் மூடுகிற நீச்சலுடை கடைகளில் கிடைக்கிறது. தோல் நிறத்துக்காக ஒரு பிள்ளையைத் தண்ணீரில் மிதக்கத் தெரியாமல் வளர்ப்பது பெரிய அநியாயம்.

வெயிலைப் பற்றிய கவலை வேறு, அது நியாயமானது. 2023 மே 13இல் அங் மோ கியோவில் வெப்பநிலை 37 டிகிரியைத் தொட்டது. சூடு கூடினாலும், மின்னல் எச்சரிக்கை வந்தாலும், புகைமூட்டம் இருந்தாலும் பாடம் உள்ளரங்கத்துக்குப் போய்விடும். மற்ற நாள்களில் பிள்ளைகள் வெளியே இருப்பது நல்லது. பகல் வெளிச்சத்தில் நேரம் செலவிடுவது கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போட உதவுகிறது. நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கண்ணாடி போடுகிறார்கள் என்று ஒரு வகுப்புப் படத்தைப் பார்த்தாலே தெரியும்.

மேல் வகுப்புகளில் 'நாப்ஃபா' உடலுறுதித் தேர்வு வரும். அதில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு 1.6 கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு. பதக்கம் வந்தால் சந்தோஷம்தான். ஆனால் போன தடவையைவிட இந்தத் தடவை எத்தனை விநாடி குறைந்திருக்கிறது என்று கேட்பதுதான் பிள்ளைக்கு உதவும்.

உலகச் சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது. பள்ளி மட்டும் அதைக் கொடுத்துவிட முடியாது. சாயங்காலம் துணைப்பாட வகுப்புக்குப் போகுமுன் கால் மணி நேரம் புளோக்குக்குக் கீழே இறங்கி, பிள்ளையோடு ஒரு டென்னிஸ் பந்தைப் போட்டுப் பிடியுங்கள். இடக்கால் முன்னால் வருகிறதா என்று பாருங்கள்.

பெற்றோர் ஆசிரியர் சந்திப்பில் கணக்கைப் பற்றிக் கேட்ட பிறகு, உடற்கல்வியில் எது வருகிறது, எதற்குத் தயங்குகிறான் என்றும் கேளுங்கள். தேர்வு நெருங்கும்போது பிள்ளையின் பள்ளியில் உடற்கல்வி வேளையைத் திருப்புதலுக்கு எடுத்துக்கொண்டால், மரியாதையாகக் காரணம் கேளுங்கள். நீச்சல் பாடத்துக்கான ஒப்புதல் கேட்டு 'பேரண்ட்ஸ் கேட்வே' செயலியில் செய்தி வந்தால், மகனுக்கும் சரி மகளுக்கும் சரி, அன்றைக்கே சம்மதம் கொடுத்துவிடுங்கள்.