மடகாஸ்கர் 1942: மறைத்தது தவறே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

ஜெர்மனிக்குப் பணிந்துபோன பிரெஞ்சு அரசான விஷி அரசின் கையில் இருந்த மடகாஸ்கர் தீவில் படை இறக்கப்போவதை, பிரிட்டன் தன் கூட்டாளியும் ஜெர்மனியை எதிர்த்துப் போராடிய சுதந்திர பிரெஞ்சு அணியின் தலைவருமான தெகோலிடம் மறைத்தது சரியா, தவறா? தவறே என்கிறது எங்கள் அணி.

எதிரணி நண்பர், மேற்கு ஆப்பிரிக்காவில் விஷி வசமிருந்த டாக்கர் துறைமுகத்தின் மீதான தாக்குதலைக் காட்டினார். 1940 செப்டம்பரில் தெகோலையும் கூட்டிப்போனார்கள், ரகசியம் கசிந்தது, காரியம் கெட்டது என்றார். இருக்கட்டும் ஐயா! இறங்கும் நாளையும் கரையையும் சொல்லச் சொல்லி நாங்கள் வாதாடவில்லை. கரையேறியபின் தீவை நிர்வகிப்பது யார்? அந்த அரசியல் வாக்குறுதி முதல் நாளே தயாராக இருந்திருக்க வேண்டும்.

மடகாஸ்கரை மீட்போம் என்று 1941 டிசம்பர் 16இலேயே சர்ச்சிலுக்கு எழுதியவர் தெகோல். அவருக்கே 1942 மே 5 அதிகாலை மூன்று மணிக்கு ஒரு செய்தி நிறுவனம் தொலைபேசியில் சொல்லித்தான் சேதி தெரிந்தது. ஜூன் 6 அன்று சோவியத் தூதர் பகமோலவிடம், உங்கள் நாட்டில் எங்களுக்கு இடம் கிடைக்குமா என்று கேட்கும் அளவுக்கு மனம் முறிந்தது.

தெகோலின் ஆட்கள் வந்திருந்தால் விஷிப் படை மூர்க்கமாகச் சுட்டிருக்கும் என்கிறார்கள். வராதபோது மட்டும் சும்மா இருந்ததா? தீவின் வடமுனைத் துறைமுக நகரான அன்ட்சிரானேவுக்குத் தெற்கே இருந்த அரண்வரிசை முதல் தாக்குதலைத் தடுத்து நிறுத்தியது. மே 6 இரவு ‘ஆன்டனி’ என்ற நாசகாரிக் கப்பல் குண்டுமழைக்கு நடுவே துறைமுகத்துக்குள் பாய்ந்து, 50 மரைன் (கடற்படையின் தரைப்போர்) வீரர்களை விஷிப் படையின் முதுகுப்புறம் இறக்கிய பிறகுதான் ஊர் விழுந்தது.

அப்புறம் நடந்ததுதான் பெரிய பிழை. லண்டன் விஷி ஆளுநர் அனேயோடு சமரசம் பேசிப் பார்த்தது. அவர் மசியவில்லை. செப்டம்பர் 10இல் தீவின் மேற்குக் கரையிலுள்ள மஜுங்காவில் மறுபடி படை இறக்க வேண்டிவந்தது. சண்டை ஓய நவம்பர் ஆயிற்று. தெகோல் ஒதுக்கப்பட்டதால்தான் அனேக்குப் பேரம் பேச இடம் கிடைத்தது என்பது எங்கள் துணிபு.

தீவின் சொந்த மக்களான மலகாசி மக்களை யாருமே கேட்கவில்லை, தெகோலும்தான். அதை மூடி மறைக்க நாங்கள் வரவில்லை. 1947இல் அவர்கள் பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்ததை அவை அறியும்.

தீவின் நிர்வாகத்தில் தெகோல் அணிக்கு உரிய பங்கு உண்டு என்று பிரிட்டன் அறிவித்தது மே 13இல். நிர்வாகத்தை ஒப்படைக்கும் உடன்பாட்டில் பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் ஈடனும் தெகோலும் கையெழுத்திட்டது டிசம்பர் 14இல். டிசம்பரில் கொடுக்க முடிந்ததை மே 5 காலையில் அறிவித்திருந்தால் எந்த ராணுவ ரகசியம் கெட்டிருக்கும்? எதிரணித் தலைவர் பதில் சொல்லட்டும், நடுவர் அவர்களே.